மகள் வீட்டுத் தோட்டத்துக்கு முசாங் வருகிறது. பழம் வைப்பதைத் தொடரலாமா, நிறுத்திவிடவா?

கிரேன்காரர்
சனிக்கிழமை, அதிகாலை 4.12

எல்லாருக்கும் வணக்கம். கறிவேப்பிலைக் கன்று ஏன் மஞ்சளடிக்கிறது என்று போன வருஷம் இங்கே கேட்டு நச்சரித்தவன் நான்தான். கன்று இப்போது என் தோள் உயரம். இன்றைக்குக் கேட்பது செடி விஷயம் இல்லை, ஆனால் தோட்டத்து விஷயம்தான்.

சிங்கப்பூர்த் துறைமுகத்தில் 31 வருஷம் கிரேன் ஓட்டினேன். பாதிக்குப் பாதி இரவு வேலை. ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் உடம்புக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. இரண்டரை மணிக்கு டாணென்று விழிப்பு வந்துவிடும். பிடோக்கில் எட்டாவது மாடியில் இருந்தவரை சன்னலோரம் நின்று டாக்சிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு மகள் விடவில்லை. சிக்லாப்பில், ஓப்ரா எஸ்டேட் பக்கம் இருக்கும் தன் தரைவீட்டுக்கு எங்கள் இருவரையும் கூட்டி வந்துவிட்டாள். பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்குத் தோட்டம். அதில் முந்தைய வீட்டுக்காரர் வைத்த பெரிய சிக்கு மரம் ஒன்று. ஊரில் சப்போட்டா என்போமே, அதுதான்.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். பாண்டான் இலை வாசம் வந்தது. சோறு வேகும்போது வருமே, அப்படியே. மணி மூன்று. இந்நேரத்துக்கு யார் வீட்டில் நாசி லெமாக் ஆக்குகிறார்கள் என்று திரும்பினால், மதில்மேல் அது நிற்கிறது. பூனையைப் பிடித்து இழுத்து நீட்டினாற்போல உடம்பு, உடம்பு நீளத்துக்கு வால், கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டிய திருடன் முகம். இங்கே முசாங் என்கிறோம், ஊரில் மரநாய். அதுவரை எனக்குத் தெரிந்த முசாங் எல்லாம் டுரியான் கடைப் பலகையில் எழுதியிருக்கும் முசாங் கிங்தான்.

ஒல்லியாக இருந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் இரண்டு பிசாங் மாஸ், அதாவது சின்ன வாழைப்பழம் எடுத்து, குழாயடிச் சிமெண்டுத் திட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் தொடவில்லை. நாலாம் நாள் இறங்கியது. முன்னங்காலால் பழத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, உள்ளே இருப்பதை மட்டும் உருவித் தின்றது. தோல் காலுறை கழற்றிப் போட்டாற்போலக் கிடந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் எட்டடிகூட இருக்காது. உண்மையைச் சொன்னால், 31 வருஷ இரவு வேலையில் இவ்வளவு சந்தோஷமான ஒரு மூன்று மணி எனக்கு வாய்த்ததில்லை.

அப்புறம் தினமும் வைக்க ஆரம்பித்தேன். இப்போது மூன்று பத்துக்கு வந்து திட்டிலேயே உட்கார்ந்துகொள்கிறது. போன வாரம் பின்னாலேயே ஒரு குட்டியும் வந்தது. வீட்டுக்காரம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. சீப்பில் பழம் குறைவதற்கு நாலு வயசுப் பேரன்தான் காரணம் என்று நினைத்து, அவனைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அது வேறு உறுத்துகிறது.

இப்போது சிக்கல். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி, ஓய்வு பெற்ற தாதி, தங்கமான மனுஷி. முந்தாநாள் கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். அவர் வீட்டுக் கார் நிறுத்தும் இடத்துக் கூரைத் தகட்டில் வரிசையாக எச்சம். "அங்கிள், யூ பீடிங் ஆ?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்து வைத்தேன், பதில் சொல்லவில்லை.

என் தங்கை மகள் லண்டனில் தோட்டத்துக்கு வரும் நரிகளுக்குக் கோழிக்கால் வைக்கிறாள். குடும்ப வாட்ஸ்அப்பில் வாராவாரம் வீடியோ வருகிறது, எல்லாரும் இதயம் போடுகிறார்கள். என் அம்மா காக்காவுக்கு வைக்காமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அப்படி வளர்ந்தவன் ஒரு வாழைப்பழம் வைத்தால் தப்பா? திடீரென்று நிறுத்தினால் தாயும் குட்டியும் பட்டினி கிடக்குமே என்பதுதான் என் பெரிய கவலை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாசிர் ரிஸ் வாசி
சனிக்கிழமை, காலை 7.40

அங்கிள், முதலில் சட்டம். காட்டுயிருக்கு வேண்டுமென்றே தீனி போடுவது 2020 ஜூனிலிருந்து தீவு முழுக்கக் குற்றம். முதல் தடவை 5,000 வெள்ளி வரை தண்டம், மறுபடி மாட்டினால் 10,000 வெள்ளி வரை. நம் வேலிக்குள்தானே என்று சொல்ல முடியாது. புறாவுக்கு ரொட்டி போட்டாலும் இதே கதைதான்.

சும்மா எழுதி வைத்த சட்டம் என்றும் நினைக்காதீர்கள். எங்கள் பக்கம் லோரோங் ஹாலுஸில் காட்டுப்பன்றிகளுக்குப் பை பையாக ரொட்டி கொண்டுபோய்க் கொட்டினவர்களை நீதிமன்றம் வரை இழுத்தார்கள். அந்தப் பன்றிகள் கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே புதரிலிருந்து ஓடிவரும், நானே பார்த்திருக்கிறேன். குட்டிகள் தாயைப் பார்த்து அதையே பழகின. பிள்ளைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்களுக்கு அது விளையாட்டு இல்லை.

வீடு மகள் பேரில். தண்டச்சீட்டு யாருக்கு வரும் என்று யோசியுங்கள்.

செம்பருத்தி
சனிக்கிழமை, காலை 9.05

எடுத்த எடுப்பிலேயே நீதிமன்றமா! பெரியவர் ஒரு வாழைப்பழம் வைத்ததைக் கேட்டால் பன்றிக் கதை சொல்கிறீர்கள். காட்டை அழித்துத்தானே இத்தனை வீடும் கட்டினோம்? அது எங்கே போய்ச் சாப்பிடும்? தினமும் வேண்டாம், வாரம் ஒரு நாள் வையுங்கள் ஐயா, ஒன்றும் ஆகாது. பழம் வேண்டாம் என்றால் கிண்ணத்தில் தண்ணீராவது வையுங்கள்.

பாசிர் ரிஸ் வாசி
சனிக்கிழமை, காலை 9.11

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் முசாங் வருகிறதோ இல்லையோ, கொசு வரும். அப்புறம் கொசுப் புழு தேடி அதிகாரிகள் வருவார்கள். அது தனித் தண்டம்.

தூங்குமூஞ்சி மரம்
சனிக்கிழமை, பிற்பகல் 2.30

ஐயா, நான் சில வருஷமாக இரவு நடை போய் முசாங் பார்த்துக் குறித்துக்கொள்ளும் தொண்டூழியக் கூட்டத்தில் இருக்கிறேன். உங்கள் பேட்டை எங்களுக்கு நன்றாகத் தெரியும். சிக்லாப் பக்கத்துத் தரைவீடுகளில் முசாங் இருப்பது பழைய சங்கதி. டெலிபோன் கம்பிமேல் கழைக்கூத்தாடி மாதிரி நடந்து தெருவைத் தாண்டுவதை அங்கேதான் நான் முதலில் பார்த்தேன்.

நீங்கள் சொன்ன பாண்டான் வாசத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். வால் அடியில் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது அது. நாங்களும் பல நாள் மூக்கால்தான் கண்டுபிடிப்போம், டார்ச் அப்புறம்தான்.

'ஒல்லி' என்றீர்கள். அதன் வாகே அப்படித்தான். வளர்ந்தது மொத்தமே இரண்டிலிருந்து ஐந்து கிலோ. கிளையில் ஓடுகிற உடம்பு குண்டாக இருந்தால் ஆகுமா? வீட்டுப்பூனையை மனசில் வைத்துக்கொண்டு பார்த்தால் எல்லா முசாங்கும் பட்டினி கிடப்பதாகத்தான் தெரியும்.

அது என்ன தின்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், அதையே கேளுங்கள். உங்கள் மதில்மேல் எச்சம் இருக்குமே, ஒரு குச்சியும் கையுறையும் போதும். பிரித்துப் பாருங்கள். மெல்லாமல் விழுங்குகிற பழக்கம் உள்ள பிராணி, விதை முழுசு முழுசாக இருக்கும். கூந்தற்பனைப் பழம் அதற்கு உயிர். நாம் தொட்டால் கை அரித்துத் தள்ளும், அது மட்டும் கொத்தோடு காலி செய்யும். தூங்குமூஞ்சிக் காய், அத்தி, மா, எலி, பூச்சி எல்லாம் உண்டு. விதையை ஒரு தெருவில் தின்று இன்னொரு தெருவில் போடுகிறது. பூங்காவில் யாரும் நடாத இடத்தில் கூந்தற்பனைக் கன்று முளைத்திருந்தால் பாதிக்குப் பாதி இவர் வேலையாக இருக்கலாம்.

செம்பருத்தி அக்கா, வாரம் ஒரு நாள் என்பதுதான் இருப்பதிலேயே மோசம். எந்த நாள் என்று தெரியாததால் ஏழு நாளும் வந்து பார்க்கும். தப்பாக நினைக்காதீர்கள்.

இன்னொன்று. மரத்தில் இருக்கும்வரை அது பத்திரம். திட்டுக்கு இறக்கிவிட்டது உங்கள் பழம். தெருநாயும் காரும் இருப்பது தரையில். குட்டி இப்போது கற்றுக்கொள்வதும் தரையைத்தான்.

நிறுத்துவதென்றால் ஒரே நாளில் நிறுத்துங்கள். கொஞ்ச நாள் வந்து பார்க்கும், அப்புறம் வராது, அல்லது உங்களுக்காக வராது. நீங்கள் படியில் உட்காராமல், விளக்கணைத்துவிட்டு உள்ளே இருந்து பாருங்கள்.

குரோய்டன் போய்வந்தவள்
சனிக்கிழமை, இரவு 8.15

லண்டன் நரி என்றதும் வந்துவிட்டேன். கணவர் வேலைக்காக ஆறு வருஷம் குரோய்டனில் இருந்தோம். ஆமாம், அங்கே தோட்டத்து நரிக்குத் தீனி போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் தங்கை மகள்மேல் தப்பில்லை. நானும் போட்டவள்தான், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வைத்தது முட்டை. நரி அங்கேயே தின்னும் என்று நினைத்தேன். பசிக்குப் போக மிச்சத்தைப் புதைத்து வைக்கிற குணம் அதற்கு. என் முட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அடுத்த வீட்டுத் தாத்தாவின் துலிப் தொட்டிகளில் புதைத்திருக்கிறது. வசந்தத்தில் அவர் தொட்டியைக் கிளறினால், கிழங்குக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாக முட்டை! அவர் எங்களோடு பேசுவதை நிறுத்தி இரண்டு கிறிஸ்துமஸ் போயிற்று.

வீடியோவில் வராத சங்கதிகளும் உண்டு. சனவரியில் இணை தேடும்போது அது போடும் கூச்சல், யாரையோ கழுத்தை நெரிப்பது போல இருக்கும். முதல் வருஷம் நான் போலீசைக் கூப்பிடப் போனேன். தோட்டக் கொட்டகைக்கு அடியில் பள்ளம் தோண்டிக் குட்டி போடும். சொறி வந்தால் முடியெல்லாம் கொட்டி, பார்க்கவே முடியாது. ஜாம் தடவின ரொட்டியில் மருந்து சொட்டி வைக்கிறவர்கள் இருந்தார்கள். எந்த நரி தின்றது, எத்தனை தின்றது என்று யார் கண்டது?

ஆனால் நரியும் முசாங்கும் ஒன்றில்லை, லண்டன் தோட்டமும் நம் தரைவீட்டுப் பின்கட்டும் ஒன்றில்லை. அங்கே வீட்டுக்குப் பின்னால் முப்பது நாற்பது அடி புல்வெளி இருந்தது. இங்கே உங்கள் கூரையும் ஆன்ட்டி கூரையும் ஒட்டிக்கொண்டிருக்கும்.

காக்கா விஷயம் எனக்கும் நோகும். அமாவாசைக்கு அடுக்குமாடிச் சன்னலில் வைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போடும் கம்பியெல்லாம் சோறு. இப்போது இலை போட்டு சாமிக்கு முன்னால் வைத்து, நாங்களே சாப்பிட்டுவிடுகிறோம். மாமியார் உயிரோடு இருந்தால் ஒப்பமாட்டார்.

கூரை போனவன்
ஞாயிற்றுக்கிழமை, காலை 10.20

கிரேன்கார அண்ணே, குட்டி என்றீர்களே, அதுதான் என்னை எழுத வைக்கிறது. தாய் பகலில் எங்கே தூங்குகிறது என்று பார்த்தீர்களா? அனேகமாக உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவில்தான்.

எங்கள் வீட்டில் நடந்தது: மூன்று வாரம் இரவெல்லாம் மேலே யாரோ மேசை நகர்த்தும் சத்தம். அப்புறம் படுக்கையறை உட்கூரையில் தேநீர் கொட்டினாற்போல மஞ்சள் கறை. பூச்சி மருந்து அடிக்கிற ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். வந்த ஆள் பட்டப்பகலில் டார்ச்கூட அடிக்காமல் ஓட்டு இடுக்கை வலை வைத்து அடைத்துவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு தாய் வெளியே, குட்டிகள் உள்ளே. குட்டிகள் உள்ளிருந்து கத்த, தாய் வெளியே ஓட்டைப் பிறாண்ட, என் மகள் ஒருபக்கம் அழ, யாரும் தூங்கவில்லை. தாய் எப்படி வெளியே மாட்டியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. விடிந்ததும் உட்கூரைப் பலகையை நானே வெட்டித் திறந்தேன். மூன்று குட்டி, என் உள்ளங்கை நீளம், கண் இப்போதுதான் திறந்திருந்தது. தேசியப் பூங்காக் கழகத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். தொடாதே, வலையை எடு, தாய் வந்து தூக்கிப் போகும் என்றார்கள். மறுநாள் இரவு ஒவ்வொன்றாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போயிற்று. உட்கூரை மாற்ற எவ்வளவு ஆனது என்று எழுதினால் வீட்டுக்காரி படித்துவிடுவாள்.

ஆகவே அடைக்கிறதென்றால் முதலில் உள்ளே குட்டி இல்லை என்று உறுதி செய்யுங்கள். பொறி வைக்கவும் யாரையும் விடாதீர்கள், அனுமதியில்லாமல் அதுவும் குற்றம். பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800 476 1600, எந்நேரமும் எடுப்பார்கள்.

பேரன் தொடப் போவான், அதையும் கவனியுங்கள். 1953க்குப் பிறகு இங்கே வெறிநாய்க்கடி நோய் இல்லைதான். ஆனாலும் குட்டியோடு இருக்கும் தாய் கீறினால் தையல் போட வேண்டிவரும்.

கிரேன்காரர்
திங்கட்கிழமை, அதிகாலை 5.02

எல்லாருக்கும் நன்றி. செம்பருத்தி அம்மா எனக்காகப் பேசியதற்குத் தனி நன்றி, ஆனால் நான் கட்சி மாறிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

தூங்குமூஞ்சி மரம் சொன்னபடி செய்தேன். ஆன்ட்டி வீட்டுக் கூரையில் ஏற முட்டி விடாது. எங்கள் மதில்மேல் இரண்டு இடத்தில் இருந்தது. காய்ந்தது ஒன்று, புதுசு ஒன்று. மருமகனின் கார் கழுவும் கையுறையைப் போட்டுக்கொண்டு, ஐஸ்கிரீம் குச்சியால் பழைய செய்தித்தாளில் பரப்பினேன். நாற்றம் இருக்கும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டால், அப்படி ஒன்றும் இல்லை.

காய்ந்ததில் சிக்கு விதை நாலு. கறுப்பாக, பாலிஷ் போட்டாற்போல, ஓரத்தில் சின்னக் கொக்கியோடு. ஒன்றில்கூடப் பல் படவில்லை. அதற்குப் பக்கத்தில் கொண்டைக்கடலை அளவில் உருண்டை விதை, எண்ணினேன், பதினேழு. அது என்ன என்று தெரியவில்லை. காலையில் நடக்கப் போனபோது கால்வாயோரம் மீன்வால் மாதிரி இலையோடு நிற்கும் பனையடியில் அதே விதை கொட்டிக் கிடக்கிறது. நீங்கள் சொன்ன கூந்தற்பனை அதுதானே? கையில் எடுத்துப் பார்த்ததில் மத்தியானம் வரை அரித்தது. எச்சரித்திருந்தீர்கள், மறந்துவிட்டேன்.

புதுசில் வண்டு ஓடு, பச்சை மினுக்கோடு. ஒரு கரப்பான் கால்.

வாழைப்பழம் விதை வைக்காது, அதனால் என் பழம் கணக்கில் வராது என்று தெரியும். இருந்தாலும் இரவெல்லாம் சுற்றி பதினேழு விதை அளவுக்குச் சாப்பிடுகிற பிராணி என் இரண்டு விரல் பழத்தை நம்பி இல்லை. ஏழு வாரமாக நான் அதற்குச் சாப்பாடு போடுகிறேன் என்று நினைத்திருந்தேன். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் காப்பிக்கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகிற மாதிரிதான் அது என்னிடம் வந்துபோயிருக்கிறது.

கூரை போனவன் தம்பி, உங்கள் கதையைப் படித்ததும் மகளிடம் சொல்லிவிட்டேன். ஓட்டை மருமகன் பார்த்தார், எங்கள் பக்கம் இடுக்கு இல்லை. ஆன்ட்டி வீட்டுப் பக்கம் ஒரு ஓடு நகர்ந்திருக்கிறது. அதை அவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் பழம் வைத்ததையும் சொல்ல வேண்டும். இன்று மாலை போகிறேன்.

தூங்குமூஞ்சி மரம்
திங்கட்கிழமை, காலை 8.45

அதேதான், கூந்தற்பனை. பதினேழு வரை எண்ணினீர்களே, எங்கள் கூட்டத்துக்கு வந்துவிடுங்கள் ஐயா, இரவில் விழித்திருக்கிற ஆள் எங்களுக்குத் தட்டுப்பாடு.

சிக்கு மரத்தில் பழுக்கும்வரை விடாமல் காயாகவே பறித்துவிட்டால் கூட்டம் குறையும். ஆன்ட்டி கூரைமேல் நீளும் கிளையையும் வெட்டிவிடுங்கள், அதுதான் அதன் பாலம். குப்பைத்தொட்டி மூடியைக் கவ்விப் பிடிக்கிறாற்போல வையுங்கள். முதல் வாரம் அங்கேதான் கை வைக்கும்.

கிரேன்காரர்
வெள்ளிக்கிழமை, காலை 6.30

இரண்டரை வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டுவிட்டுக் காணாமல் போகக்கூடாது.

அன்று மாலை ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். முழுசும் சொல்லி முடித்ததும் அவர் சொன்னார், தெரியும் அங்கிள், மூன்று மணிக்கு உங்கள் டார்ச் என் சமையலறைச் சுவரில் விழும் என்று. அவருக்கும் தூக்கம் இல்லையாம், தாதி வேலை பார்த்த காலத்து இரவுப்பணி. பூங்காக் கழகத்தில் கேட்டுக்கொண்டு, குட்டி இல்லை என்று ஆள் பார்த்த பிறகுதான் ஓட்டைச் சரி செய்தார்கள். குட்டி ஏற்கெனவே தாயோடு நடக்கிற வயசுதானே, உள்ளே எதுவும் இல்லை.

நிறுத்திய முதல் நாள்தான் கஷ்டம். உள்ளே சன்னல் ஓரம் விளக்கணைத்து உட்கார்ந்தேன். மூன்று பத்து. இறங்கி வந்தது, திட்டை முகர்ந்தது, பழம் வைக்கிற அதே இடத்தை நக்கியது. உட்கார்ந்துகொண்டது. குட்டி மதிலிலேயே நின்றது. இருபது நிமிஷம் நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். பிசாங் மாஸ் சீப்பு என் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. எழுந்து போய்ப் படுத்துவிட்டேன், பார்த்துக்கொண்டிருந்தால் வைத்திருப்பேன்.

மூன்றாம் நாள் குப்பைத்தொட்டி. மூடியை மருமகன் கயிற்றால் கட்டியிருந்தும், ஓரத்தைத் தூக்கி ஒரு மீன் முள் உறையை உருவிவிட்டது. அப்புறம் பெரிய கல் வைத்தோம். ஆறாம் நாள் திட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. மதிலிலிருந்து நேராகச் சிக்கு மரம், அங்கிருந்து பின்வீட்டு ரம்புத்தான். போன சனி, ஞாயிறு கண்ணில் படவே இல்லை. நேற்று மூன்றே காலுக்கு வாசம் மட்டும் வந்தது.

வீட்டுக்காரம்மாவுக்கும் தெரிந்துவிட்டது, ஆன்ட்டி மூலமாக. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பேரனைக் கூட்டி வந்து என் முன்னால் நிறுத்தி, "தாத்தா உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள். சொன்னேன். பழத்துக்கு அவன் கவலைப்படவில்லை. என்னை ஏன் எழுப்பவில்லை என்றுதான் அழுதான்.

தொரட்டி வாங்கி வந்து மருமகனும் நானும் சிக்கு மரத்தை ஏறக்குறைய மொட்டையாக்கிவிட்டோம். கிளையும் வெட்டியாகிவிட்டது. ஆன்ட்டிக்கு இரண்டு பை கொடுத்தேன். அரிசிப் பானையில் போட்டுப் பழுக்கவைத்து, வீட்டில் எல்லாரும் தின்று சலித்து, இன்னும் இரண்டு கூடை காய் மிச்சம் இருக்கிறது. சிக்லாப் பக்கம் வருகிறவர்கள் யாராக இருந்தாலும் தகவல் அனுப்பிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வாருங்கள்.